சட்டப்படி சோலை எனக்கு யாருமில்லை

மதுரையில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் ஒரு விசேஷமும் நடப்பதில்லை, மேடம். நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொன்னார்கள், அங்கே எப்படியோ எனக்குத் தெரியாது. இங்கே காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ், செத்தால் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். காலையில் விசாரணையின்போது நீங்கள் மேசைமேல் வைத்த புகைப்படத்தில் இருப்பதும் அப்படி ஒன்றுதான். என் மகள் பெரியவளான சடங்குக்கு என் மனைவியின் தம்பி சோலை வைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, 'தாய்மாமன் சீர்வரிசை' என்ற எழுத்துக்குக் கீழே அவன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் என் முகம். என்னைக் கேட்காமலே போட்டுவிட்டான். மண்டபத்து வாசலில் இறங்கியதும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்தப் படத்தைக் காட்டி, "சோலையை யாரென்றே தெரியாது என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்று கேட்டீர்கள். நான் அப்படி எழுதவில்லை. 'உறவினர் அல்லர்' என்று எழுதினேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இதை வாயால் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் தன் வசதிக்குச் சுருக்கிவிடுவார். அதனால்தான் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். காலமெல்லாம் கணக்கு எழுதியவனுக்கு அடுத்தவர் எழுத்தில் நம்பிக்கை வராது. தவறாக நினைக்காதீர்கள்.

என் பெயர் பாண்டியராஜன். ஹம்சவேணி மில்ஸ் என்கிற நூற்பாலைக் கம்பெனியில் நிதி இயக்குநராக இருந்தேன். செக்கானூரணிக்கு மேற்கே மானாவாரியில் கடலை போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தில் லிமிடெட் கம்பெனி டைரக்டர் என்று வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய முதல் ஆள் நான். அந்தப் பலகையைக் காப்பாற்றத்தான் எல்லாமே செய்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

முதலாளி ஹரிராம் சௌராஷ்டிரக் குடும்பம். தாத்தா சாயம் தோய்த்தவர், அப்பா நூல் வியாபாரி, இவர் மில் கட்டினார். தாயாரின் பெயரை மில்லுக்கு வைத்தார். பங்குகளில் பாதிக்கு மேல் அவர் வீட்டுக்குச் சொந்தம். மிச்சம் ஊராருடையது. சிம்மக்கல் மொத்தக் கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், போனசுக்குப் பதிலாகப் பங்கு வாங்கிக்கொண்ட எங்கள் பழைய தொழிலாளிகள். முதலாளி கெட்டவர், அவர் சொல்லித்தான் செய்தேன் என்று எழுதி நான் நழுவப் போவதில்லை. அவர் யாரையும் 'நீ' என்று அழைத்து நான் கேட்டதில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவர் வீட்டிலிருந்து ரசம் வரும். அப்படிப்பட்டவர் கேட்டால் மறுக்க வாய் வராது.

ஊரார் பணத்தில் ஓடும் கம்பெனி தன் முதலாளியிடமே எதையாவது வாங்கினால், வாடகைக்கு எடுத்தால், அதை மற்றப் பங்குதாரர்களிடம் சொல்லி ஒப்புதல் கேட்க வேண்டும். நியாயமான விதி. சிம்மக்கல்லில் முதலாளியின் மனைவி சாரதாம்பாள் பெயரில் சரக்கு அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கி இருந்தது. அக்கம்பக்கத்து வாடகையைப் போல மூன்று மடங்கு மில் அதற்குக் கொடுத்து வந்தது. வருஷா வருஷம் பொதுக்கூட்டத்தில் சொல்வோம், வந்தவர்களுக்கு மைசூர்பாகும் காராச்சேவும் பொட்டலம் கொடுப்போம், கை தூக்குவார்கள். ஒரு வருஷம் அழகம்மாள் என்ற பழைய தொழிலாளி பொட்டலத்தைப் பிரிக்காமல் எழுந்து நின்றார். "முதலாளி வீட்டம்மாவுக்கே அம்புட்டு வாடகை குடுத்தா எங்களுக்கு எங்கிட்டு இருந்து சார் பங்குக்காசு வரும்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அந்த அவமானத்தை மறக்கவே இல்லை. இனிமேல் தன் வீட்டு ஆள் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அவர் மகன் ஹரிஷ்குமார் சென்னையில் தொடங்கிய தொழில் கவிழ்ந்தது. மகனைத் தூக்கிவிட முதலாளி தன் மில் பங்குகளையே அடகு வைத்திருந்தார். பணம் கட்டாவிட்டால் பங்குகள் கைமாறும், மில் கைமாறும். மில் கைமாறினால் நான் என்ன ஆவேன் என்பதையும் எழுத வேண்டும். 'நீங்க சம்பளக்காரர் இல்லை பாண்டியராஜன், பங்காளி' என்று சொல்லி, மில்லிலிருந்தே எனக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனில் மில் பங்குகளையே என்னை வாங்க வைத்திருந்தார். அதற்கு ஈடு என் வீடு. பங்கு விலை விழுந்தால் கடன் மட்டும் நிற்கும், வீடு போகும். அந்த நாட்களில் நான் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். கதவை யாராவது தட்டினால் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வேன். பயம் என்பது இவ்வளவு உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதலாளிக்குத் தேவை, அவருக்கு உறவு இல்லாத ஒரு ஆள். அந்த ஆளிடமிருந்து மில் எதையாவது நல்ல விலைக்கு வாங்க வேண்டும். விலைக்கும் உண்மையான மதிப்புக்கும் நடுவில் இருப்பது முதலாளியின் கடனுக்குப் போக வேண்டும். மில்லின் இரண்டாவது ஆலைக்கு நிலம் வாங்கலாம் என்று முடிவானது. திருவாதவூர்ப் பக்கம் கரிசலும் கல்லுமாகக் கிடந்த இடம். யார் பெயரில் முதலில் வாங்குவது என்பதுதான் கேள்வி. 'உங்க பக்கம் நம்பிக்கையான ஆள் யாராவது இருக்காங்களா' என்று முதலாளி கேட்டார்.

உறவினர் என்றால் யார் யார் என்று கம்பெனிச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு, மேடம். அப்பா, அம்மா, மனைவி, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை. ஒரே கூட்டுக் குடும்பமாக இல்லாதவரைக்கும் அவ்வளவுதான். மனைவியின் தம்பி அதில் இல்லை. மகளுக்குத் தாய்மாமன் அதில் இல்லை. நான் இதைச் சொன்னதும் முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "இதை எழுதினவங்க நம்ம ஊர்ப் பக்கம் வந்ததே இல்லையா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் இங்கே ஒரு குழந்தைக்குக் காது குத்த முடியுமா? ஆனாலும் சட்டம் சட்டம்தானே. ஒவ்வொரு வருஷமும் 'நிலம் விற்றவர் இயக்குநர் எவருக்கும் உறவினர் அல்லர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

இப்போது சோலையைப் பற்றி. தாமரைச்செல்விக்கு, அதாவது என் மனைவிக்கு, கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். ஊரில் கொஞ்சம் நிலம், கத்தரியும் மிளகாயும் போடுவான். மற்ற நேரத்தில் கிணற்றில் இறங்கி மோட்டார் தூக்குகிற வேலை. சுற்றுப்பட்டில் யார் கிணற்றில் மோட்டார் சிக்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எவ்வளவு ஆழமானாலும் முங்கிவிடுவான். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. மேலே கயிற்றைப் பிடிக்க மச்சான் மாப்பிள்ளை முறை உள்ளவன்தான் நிற்க வேண்டும். கூலிக்கு வந்தவன் கையில் உயிரைக் கொடுக்க மாட்டேன் என்பான். முறைக்காரன் யாரும் கிடைக்காவிட்டால் அன்றைக்கு வேலையே வேண்டாம் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

அவனிடம் நான் கேட்டது கையெழுத்து. பத்திரத்தில், வங்கிக் கணக்கில், தேதி போடாத காசோலைகளில். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. என் மகளுக்கு அந்த வருஷம் மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பணமும் இதே வழியில்தான் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். 'பாப்பா படிப்பு விஷயமாகவும் இதில் ஒரு வேலை இருக்கிறது மாப்ள' என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். தாய்மாமன் செய்ய வேண்டிய பெரிய சீர் இது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். பத்திர ஆபீசுக்கு வேட்டி சட்டை புதிதாக எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். ரேகை வைத்து முடித்ததும் கையில் ஒட்டிய மையைத் துடைக்காமல் என்னிடம் காட்டிச் சிரித்தான். அவன் பெயருக்கு வந்த நிலத்தை ஆறு மடங்கு விலைக்கு மில் வாங்கியது. அவன் கணக்குக்குக் கோடிகள் வந்தன, போயின. பத்திரம் பதிந்த அன்று மாலை நான் அவனுக்கு ஆரப்பாளையத்தில் கறித்தோசை வாங்கிக் கொடுத்தேன். இந்த விவகாரத்தில் அவன் தின்றது அது ஒன்றுதான்.

மில் பிழைத்ததா என்றால் இல்லை. நூல் விலை விழுந்தது, பஞ்சு விலை ஏறியது, மின்கட்டணம் பாக்கி. தொழிலாளிகளுக்கு அரைச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. ஓய்வுபெற்றவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். வங்கி தன் ஆட்களை அனுப்பிப் பழைய கொள்முதல் ஒவ்வொன்றாகத் தோண்டத் தொடங்கியது. திருவாதவூர் நிலத்துக்கு ஏன் இந்த விலை, இந்தச் சோலை யார், கத்தரி போடுகிற ஒரு சம்சாரிக்கு வந்த இவ்வளவு பணம் எங்கே போனது என்று கேள்வி வந்தது. போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை மதுரைக்கு நேரில் வந்து பதில் சொல்லச் சொல்லி சோலைக்கு ஓலை போனது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்க ஆளு, நீங்கதான் பார்த்துக்கணும் பாண்டியராஜன்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் சோலையைச் சந்தித்தேன். வீட்டுக்கு வரச் சொன்னால் தாமரைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். முகத்தில் கலக்கமே இல்லை. எனக்கு வேண்டியதைச் சொன்னேன். நிலம் தன் சொந்த ஏற்பாடு, பணத்தைச் சூதிலும் கடனிலும் விட்டுவிட்டேன், அக்கா வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் சொல்ல வேண்டும். வக்கீல் வைப்பேன், குடும்பத்தைப் பார்த்துக்கொள்வேன், உள்ளே போனாலும் சீக்கிரம் வெளியே எடுத்துவிடுவேன் என்று எல்லாம் சொன்னேன். டீ ஆறும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டான்.

"எதுக்கு மச்சான் இம்புட்டு யோசிக்கிறீங்க? உள்ளதச் சொல்லிருவோம். எங்க அக்கா மக டாக்டருக்குப் படிக்கிறா, அதுக்கு மாமன் நாந்தான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லப் போறேன். இதுல என்ன தப்பு இருக்கு? தாய்மாமன் செய்யாம வேற எவன் செய்வான்?"

பாருங்கள் மேடம், அவனை மிரட்டவும் முடியாது, விலைக்கு வாங்கவும் முடியாது. அவன் என்னைக் காட்டிக் கொடுக்கப் போகவில்லை. பெருமை பேசப் போகிறான். அந்த அதிகாரிகள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் பாண்டியராஜன் மகளுக்குத் தாய்மாமன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பணம் போன வழி தெரிந்துவிடும், மில்லும் முதலாளியும் நானும் என் மகளின் படிப்பும் அன்றோடு முடிந்தது. மேசைக்கடியில் குனிந்து அவன் காலைத் தொடப் போனேன். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குப் பொய் சொல்ல வராது மச்சான். சொன்னாலும் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்" என்றான். என் டீக்கும் அவனே காசு கொடுத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை அவன் இறந்தான். திருவாதவூர் நிலத்துக் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க இறங்கினான், ஏறும்போது கயிறு வழுக்கித் தண்ணீரில் விழுந்தான் என்பது அந்த ஊர்க் காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்தது. கிணற்று வேலைக்காரன் கிணற்றில் போவது புதிதல்ல என்பதால் யாரும் துருவவில்லை. சம்பந்தக்காரன் முறைக்கு மாலையும் கோடித்துணியும் கொண்டுபோனேன். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்ததும் நான்தான். கடைக்காரன் வேறு படம் இல்லையா என்று கேட்டான், இல்லை என்று இதே கறுப்புக் கண்ணாடிப் படத்தைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சோலைக்குப் பதிலாக நான் போனேன். நிலம் விற்றவர் இறந்துவிட்டார், விலையைக் கூட்டிச் சொல்லி மில்லை ஏமாற்றியிருக்கிறார், பணத்தை என்ன செய்தார் என்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். செத்தவன் மறுத்துப் பேசுவதில்லை. சோலையின் சொந்த நிலத்தையும் வீட்டையும் முடக்கி உத்தரவு வந்தது. கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். ஆனால் மில்லை ஏலத்துக்கு விடும் பேச்சு வந்ததும் முதலாளி வீட்டில் என்னை விட்டு விலகிக்கொண்டார்கள். சடங்குக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஹரிஷ்குமார், அன்று கைப்பேசியில் எடுத்த இந்தப் படத்தை உங்களிடம் கொடுத்திருக்கிறார். எல்லாம் பாண்டியராஜனும் அவர் மச்சானும் செய்தது, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அப்பாவிடம் நான் கற்றதைத்தான் அவரும் கற்றிருக்கிறார்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது நிலத்துக்காக. கிணற்றைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் ஏன் எழுதுகிறேன் என்றால், என் வீட்டில் நடந்த ஒன்றுதான் காரணம்.

சோலை ஏமாற்றுக்காரன் என்று என் மனைவி நம்புகிறாள். நான் சொன்னதால் நம்புகிறாள். அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். ஒரு நாள் என் காலில் விழுந்து, "எங்கூடப் பொறந்தவன் இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டானே, உங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்" என்று அழுதாள். எழுந்திரு என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடும்போதெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டேதான் போடுகிறாள். நான் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

போன வாரம் சோலையின் மனைவி முனீஸ்வரி வந்திருந்தாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் ஒட்டிவிட்டார்களாம். பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு, நாத்தனார் வீட்டில் நாலு நாள் இருக்கலாமா என்று கேட்க வந்திருந்தாள். தாமரை கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே சொன்னாள்.

"உம் புருசன் தின்ன காசுக்கு எம் புருசன் ஆபீசு ஆபீசா ஏறி எறங்குறாரு. இங்க வராத, போயிரு."

அந்தக் குழந்தை வெளியே நின்று 'அத்தை, அத்தை' என்று கூப்பிட்டது. விளையாட்டுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டதுபோல, சிரித்துக்கொண்டே கூப்பிட்டது. நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன். அவளும் ஊற்றினாள். குழந்தையின் குரல் தெருவில் தேய்ந்து போனது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமும் இல்லை, வேறு வழியும் தெரியவில்லை. தாமரையிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களிடம் சொன்னால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

அந்தச் சனிக்கிழமையை இப்போது சரியாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நிலத்தை மதிப்பிட வங்கியின் ஆள் வருவதாக இருந்தது. பத்திரத்தில் 'கிணறும் மோட்டாரும் உட்பட' என்று இருந்தது. மோட்டார் கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது. அதை எடுத்து மாட்டிவிட்டால் நல்லது என்று சோலையைக் கூப்பிட்டேன். வந்தான். திங்கட்கிழமை எப்படியும் மதுரைக்குப் போக வேண்டும், அதற்குள் முடித்துவிடலாம் என்றான். காவலுக்கு இருந்த சின்னக்கருப்பனை நான் மேலூருக்கு அனுப்பியிருந்தேன். அவனாகக் கேட்கவில்லை, நானாகத்தான் முன்பணம் கொடுத்து, பேரன் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு பொழுது சாய வந்தால் போதும் என்றேன். முந்தைய நாளே நான் தனியாக வந்து கிணற்றைப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். மழைக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. படிகள் எப்போதோ சரிந்துபோய்ச் சுற்றிலும் செங்குத்தான பாறை. இதெல்லாம் மோட்டாருக்காகப் பார்த்தேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

"நல்ல வேளை, நீங்க இருக்கீங்க. இல்லாட்டி முறைக்காரனுக்கு எங்க போறது" என்று சொல்லிக்கொண்டே சோலை சட்டையைக் கழற்றினான். கிணற்றோரத்தில் ஒரு பழைய கல்தூண் இருந்தது. அதில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, மிச்ச நுனியை என் கையில் கொடுத்தான். அவன் இறங்க இறங்க விட வேண்டும், ஏற ஏற இழுத்துக்கொள்ள வேண்டும். சுற்று மட்டும் தூணை விட்டு வரக் கூடாது. எனக்கு அதைப் பழக்குவதற்காக இரண்டு தரம் செய்து காட்டினான். சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான். பிறகு இறங்கினான். மோட்டார் சேற்றில் புதைந்திருக்கிறது, சங்கிலி போட்டு இழுக்க வேண்டும், நாளைக்கு ஆள் கூட்டி வருகிறேன் என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தான். சரி ஏறு மாப்ள என்றேன். பாறையில் காலை ஊன்றி ஏறினான். பாதி ஏறியிருப்பான்.

நான் தூணிலிருந்து சுற்றைக் கழற்றி நுனியை விட்டேன். கயிறு வழுக்கியது என்று நான் எழுதிக் கொடுத்தது பொய். கயிறு நல்ல கயிறு, தூணும் நல்ல தூண். கழற்றுவதற்குக் கொஞ்சம் நேரம்கூட ஆனது.

விழும்போது தோள் பாறையில் பட்டிருக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு அவன் முதலில் கேட்டது, "கயிறு நழுவிருச்சு போல. உங்க உள்ளங்கை அறுத்துருச்சா மச்சான்?" என்று. இல்லை என்றேன். "இந்தக் கை தூக்க வரல. யாரையாச்சும் கூப்பிடுங்க" என்றான். வாரேன் மாப்ள என்று சொல்லிவிட்டு வேலி ஓரம் வரைக்கும் நடந்தேன். ரோட்டில் ஒரு டிராக்டர் போனது. அது போகும்வரை மரத்துக்குப் பின்னால் நின்றேன். திரும்பி வந்து கிணற்றோரத்தில் உட்கார்ந்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். ஒற்றைக் கையால் அவன் சுற்றிச் சுற்றி நீந்தினான். பிடிக்க ஒரு வெடிப்பு தேடினான், கிடைக்கவில்லை. சோலை நல்ல நீச்சல்காரன். அதனால் வெகுநேரம் ஆனது. ஒரு தரம்கூட என்னைத் திட்டவில்லை. கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

என் தலை மேலே தெரிந்ததும், நான் குதிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல. அவன் குரல் அப்போது மிகவும் இறங்கியிருந்தது. "நீங்க இறங்கிராதீங்க மச்சான், உங்களுக்கு நீச்சல் தெரியாது. அக்காவுக்கு வேற யாரு இருக்கா" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

சாகப் போகிறவன் கடைசியாகச் சொன்ன சொல்லை மீறக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு உண்டு, மேடம். அந்த ஒரு விஷயத்தில் என் மேல் யாரும் குறை சொல்ல முடியாது. நான் இறங்கவில்லை.